வெந்நீரில் வாழும் உயிர்களும் வெதும்பாத தமிழரும்

2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய் தமிழர்க்குப் பல துன்பங்களோடு ஒரு சொல்லையும் விட்டுச் சென்றது. வேலூர்க்கும் ஆரணிக்கும் இடையே, சவ்வாது மலையடியில் கிடக்கும் கண்ணமங்கலத்துக் கடைத்தெருவில் கீரை விற்கும் மூதாட்டிக்கும் ‘ஆர்.டி.பி.சி.ஆர்.’ என்னும் எழுத்துக்கோவை நாவிற் பழகிற்று. மூக்கினுள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்ததை அவள் அறிவாள். எடுத்த பின் என்ன செய்தனர் என்பதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவர்கள் படித்தவர்கள். அவருள் பலர்க்கு அது தெரியாது. தெரிந்த சிலரும் அதை ஆங்கிலத்தில் மட்டுமே தெரிந்திருந்தனர். தம் தாய்க்கு விளக்கமுடியாத கல்வியைக் கல்வி என்று சொல்லிக் கொண்டிருக்கும் நாடு ஞாலத்தில் வேறு எங்கேனும் உண்டா என்பது ஆராயத்தக்கது.

அந்த ஆய்வில் நோய்நுண்மத்தைக் காட்டிக் கொடுத்தது ஒரு நொதி. அந்நொதியை மாந்தன் தன் அறிவால் படைக்கவில்லை. கொதிக்குமளவு சூடேறிய சுனையொன்றில், மற்ற உயிர்கள் வெந்து மடியும் வெம்மையில், இன்பமாய்ப் பெருகி வாழும் ஒரு கோலுயிரியின் உடலில் இருந்தது அது. இன்று அதனை வேறு நுண்ணுயிரிகளின் வழியே ஆக்கிக் கொள்கின்றனர்; ஆயினும் வித்து அச்சுனையினதே.

கோலுயிரி என்றவுடன் முகஞ்சுளிப்போர் உளர். ‘பாக்டீரியா’ என்பதே எளிது என்பர். அச்சொல்லின் முதலாகிய கிரேக்கச் சொல்லுக்குச் சிறுகோல் என்பதே பொருள். உருப்பெருக்காடியில் முதலில் பார்த்தவர்க்கு அவ்வுயிர் கோல்போல் தெரிந்தது. கோல் என்றே பெயர் வைத்தனர். கிரேக்கன் கோல் என்றால் அறிவியல், தமிழன் கோல் என்றால் நகைப்பு! இந்த நகைப்பின் வேர் மொழியில் இல்லை. அடிமை நெஞ்சில் இருக்கிறது.

அமெரிக்காவில் எல்லோசுட்டோன் என்னும் மலைக்காடு உண்டு. 1872-இல் அந்நாட்டரசு அதனைக் காப்புக்காடாக்கியது. நிலத்தடி நெருப்பால் அங்கே எண்ணற்ற வெந்நீர்ச் சுனைகள் கொதிக்கின்றன. இந்தியானாப் பல்கலைக்கழகத்து அறிஞர் தாமசு பிராக்கு 1964-இல் முதன்முதலாக அங்குச் சென்றார். ஐம்பத்தைந்து பாகை வெம்மைக்கு மேல் நுண்ணுயிரிகள் பெரும்பாலும் வாழா என்பதே அக்காலத்து நூற்கொள்கை. அவரோ நீரோடையின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாய் ஏதோ இழைபோல் படர்ந்திருப்பதைக் கண்டார். நூலில் இல்லாததைக் கண் கண்டால் கண்ணை நம்புவது அறிவியல். 1966-இல் அவரும் அட்சன் பிரீசு என்னும் மாணவரும் காளான் சுனை எனப்பட்ட ஓர் ஊற்றிலிருந்து ஓர் உயிரைப் பிரித்து வளர்த்தனர். எழுபது பாகையில் அது செழித்தது. ஐம்பதிலிருந்து எண்பது வரை தாங்கியது. 1969-இல் அதற்குத் ‘தெர்மசு அக்குவாட்டிக்கசு’ என்று பெயரிட்டு வெளியிட்டனர்.

பெயரைக் கேட்டால் பெரிய மந்திரம்போல் இருக்கும். தெர்மசு என்பது சூடு. அக்குவாட்டிக்கசு என்பது நீரில் வாழ்வது. வெந்நீர்வாழி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நம் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் வெந்நீர் என்னும் சொல்லைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் சொன்னால் பேராசிரியர் தலைவணங்குகிறார். தமிழில் சொன்னால் ‘இது வீட்டுச் சொல்லாயிற்றே’ என்கிறார். வீட்டில் வழங்காத சொல் நாட்டில் எப்படி வழங்கும்?

அந்த வெந்நீர்வாழி உலகை மாற்றியது பின்னர்த்தான். உயிரின் மரபுச்செய்தியைத் தாங்குவது முறுக்கிய ஈரிழை ஏணி. ஏறத்தாழத் தொண்ணூற்றைந்து பாகைக்குச் சூடேற்றினால் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவிட்டு ஒவ்வோர் இழைக்கும் இணையிழையை நொதியைக் கொண்டு கோத்தால் ஒன்று இரண்டாகும். 1983-இல் கேரி முல்லிசு என்பார் கண்ட வழி இது. மீண்டும் சூடேற்று, மீண்டும் கோ. இவ்வாறு முப்பது முறை செய்தால், ஒன்று 107 கோடியைத் தாண்டும். ஆனால் ஓர் இடர் இருந்தது. அதுவரை கையிலிருந்த நொதி ஒவ்வொரு முறையும் அவ்வெம்மையில் சிதைந்து போயிற்று. முறைதோறும் புதிதாய் ஊற்ற வேண்டியிருந்தது. சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தார் வெந்நீர்வாழியின் உடலிலிருந்து 1976-இலேயே பிரித்து வைத்திருந்த நொதி நினைவுக்கு வந்தது. அது சிதையவில்லை. 1988-இல் அம்முறை வெளிவந்தபின், குற்றவாளியைக் கண்டறிவது முதல் குழந்தையின் பிறவிநோயை அறிவது வரை அனைத்தும் அதன்மேல் நின்றன. 1993-இல் முல்லிசு நோபல் பரிசில் பெற்றார்.

அந்நொதி சிதையாமல் நிற்பது எவ்வாறு? அதன் புரதமும் மற்ற உயிர்களின் புரதம் ஆன அதே உறுப்புகளால் ஆனதுதான். மடிப்பு நெருக்கமானது, உள்ளே இடைவெளி குறைவு, எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட பகுதிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக் கொள்கின்றன. ஆரணித் தறியில் நெய்த பட்டுக்கும் கோணிச் சாக்குக்கும் நூல்தான் அடிப்படை, நெருக்கம்தான் வேறுபாடு. ஆழ்கடல் அடித்தளத்து வெந்நீர்ப் பிளவுகளில் இதனினும் கடுமையான உயிர்கள் உள. அவை கோலுயிரிகள் அல்ல. தொல்லுயிரிகள் என்னும் தனிப் பெருங்குலம் என 1977-இல் காரல் வோசு காட்டிய வகையைச் சார்ந்தன. அவற்றுள் ஒன்று 122 பாகையிலும் பெருகுவதை 2008-இல் சப்பானியர் மெய்ப்பித்தனர்.

சப்பானியரைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசவேண்டும். அவர்தம் இசூ நிலக்கூற்றின் வெந்நீரூற்றொன்றில் தைரோ ஒசிமா என்னும் அறிஞர் கண்ட வெந்நீர்வாழிக்கு 1974-இல் ‘தெர்மசு தெர்மோபிலசு’ எனப் பெயர் வந்தது. உலக வழக்குக்கு அப்பெயர். தம் மாணவர்க்குப் பாடம் சொல்லும்போது சப்பானியர் அதனைச் சூட்டை விரும்பும் நுண்ணுயிர் என்று பொருள்படும் தம் சொல்லாலேயே குறிக்கின்றனர். அதனால் அவர் அறிவியல் தாழ்ந்துவிடவில்லை.

அந்தச் சப்பானிய உயிர்க்கும் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. உயிரணுவில் புரதம் நெய்யும் நுண்தறி ஒன்று உள்ளது. அதன் உருவை அணு அணுவாகக் காண்பதற்கு அதனைப் பளிங்காக உறையச் செய்ய வேண்டும். வெம்மை விரும்பும் உயிர்களின் தறி உறுதியானது, எளிதில் குலையாது. ஆகவே தெர்மசு தெர்மோபிலசின் தறியையே எடுத்து, அதன் சிறுபகுதியின் உருவை 2000-இல் வெளியிட்டார் வெங்கட்ராமன் இராமகிருட்டினன். 2009-இல் மற்ற இருவரோடு நோபல் பரிசிலைப் பகிர்ந்தார். 1952-இல் தில்லைச் சிதம்பரத்தில் பிறந்தவர் அவர். மூன்று அகவையில் பரோடாவுக்குச் சென்றார். பின் அமெரிக்கா, பின் இங்கிலாந்து. செய்தி வந்த அன்று தமிழர் தமிழர் என்று நாடே முழங்கிற்று. அவர் கண்டது என்ன என்பதைத் தமிழில் பத்து வரியில் எழுத முன்வந்தவர் எத்தனை பேர்? பிறந்த ஊரைச் சொல்லிப் பெருமை கொள்வது எளிது, செலவில்லாதது.

இனி உரிமைச் செய்தி. அப்படிபெருக்கு முறையின் உரிமைகளை 1991-இல் உரோசு என்னும் சுவிட்சர்லாந்து மருந்துக் குழுமம் முப்பது கோடி தாலர்க்கு வாங்கியது. அவ்வழியைக் கண்ட முல்லிசுக்கு அவர் வேலைபார்த்த குழுமம் முன்பு அளித்த ஊக்கத்தொகை பத்தாயிரம் தாலர். ஊற்றைக் காத்துவைத்த காட்டுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. வல்லரசின் காட்டுக்கே இந்நிலை என்றால், நாடற்ற இனத்தின் ஊற்றுக்கு யார் மறுமொழி சொல்வர்? இந்திய ஒன்றியம் 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் இயற்றியது. அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. இருப்பு சென்னையில், பிடி தில்லியில்.

தில்லியாரைக் குறை கூறுமுன் அவர் செய்த ஒரு நற்செயலையும் ஒப்ப வேண்டும். இமயச் சாரலில் மணிகரண் என்னுமிடத்தில் ஏறக்குறையக் கொதிநிலையில் பொங்கும் ஊற்று உண்டு. தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர் அங்கே ஒரு புதிய வெந்நீர்வாழியைக் கண்டு, 2015-இல் அதற்குப் பக்கத்து ஆற்றின் பெயரால் ‘தெர்மசு பார்வதியென்சிசு’ என்று பெயரிட்டனர். நுண்ணுயிரிக்கு இலத்தீன் ஈறு வேண்டும் என்பதே நெறி. அடிச்சொல் எம்மொழியினதாயும் இருக்கலாம். பாலாறும் பொருநையும் அங்கே ஏறுவதைத் தடுக்கும் நெறி ஒன்றும் இல்லை. கண்டவனே பெயரிடுவான். இதே சவ்வாது மலையின் மேல் காவலூர் விண்ணோக்கு நிலையத்தில் 1988-இல் கண்ட சிறுகோள் 4130-க்கு இராமானுசன் என்று பெயர் வந்ததும் அவ்வாறே. அப்பெயர் வடசொல்லாயிற்றே என்பார் முணுமுணுக்கட்டும். ஆள் தமிழ்மண்ணின் ஆள்.

சவ்வாது மலையில் வெந்நீரூற்று இல்லை. கண்ணமங்கலத்தை ஒட்டி ஓடும், மக்கள் நாகநதி என வழங்கும் ஆற்றில் மழைக்காலத்து நீர் தண்ணென்றே இருக்கும். தமிழினத்தின் பெயர்பெற்ற வெந்நீரூற்றுகள் கடல்கடந்து ஈழத்தில் உள்ளன. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு கிணறுகள். தன் தாயின் இறுதிக்கடன் ஆற்ற இராவணன் வாளால் நிலத்தைக் குத்தினான், ஏழிடத்தில் வெந்நீர் பீறிட்டது என்பது வழிவழிக் கதை. இன்றும் இறந்தார்க்கு நீர்க்கடன் ஆற்றத் தமிழர் அங்கே செல்வர். நிலவியலார் சொல்வது வேறு: எரிமலை அங்கில்லை; மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உள்வெம்மையால் சூடேறி மீள்கிறது. இரண்டையும் மாணவர்க்குச் சொல்லலாம். கதை இனத்தின் நினைவு. மற்றது நிலத்தின் நடப்பு. ஒன்றை மற்றொன்றாக மயக்குவதுதான் தீது.

அம்மயக்கம் நம்மவரிடையே மிகுதி என்பதால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கன்னியா நீரின் வெம்மை நாற்பது பாகையைச் சுற்றியதே. எழுபதில் செழிக்கும் வெந்நீர்வாழிக்கு அது குளிர். தமிழன் கிணற்றில் அவ்வுயிர் அன்றே இருந்தது என்று மேடையில் முழங்குவோர் இதனை அறிந்து முழங்கட்டும். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்த தொல்காப்பிய மரபியலிலும் நுண்ணுயிரி இல்லை. இல்லாததை ஏற்றிச் சொல்வது அந்நூலுக்குச் சிறப்பன்று. ஆயினும் வெதுவெதுப்பான, கனிமம் கலந்த அந்நீரில் அதற்கே உரிய நுண்ணுயிர்க் கூட்டம் இருக்கும். எல்லோசுட்டோனில் 1966-இல் எடுத்த அந்த வழவழப்பு இழை உலகுக்கு என்ன தரும் என்று அதனை எடுத்தவர்க்கே அன்று தெரியாது.

கன்னியாவின் இடர் வேறு. போர் முடிந்த 2009-க்குப் பின் இலங்கைத் தொல்லியல் துறையின் பிடி அங்கே இறுகியது. இடிந்த பிள்ளையார் கோயிலிருந்த மேட்டில் புத்தப்பள்ளி எழுப்பும் முயற்சி நடந்தது. 2019 சூலையில் தமிழர் அறவழியில் திரண்டு எதிர்த்தனர். அத்திங்களிலேயே திருகோணமலை மேல் வழக்குமன்றம் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. கிணற்றின் உரிமை போனால் கிணற்றின் பெயரும் போகும். பெயர் போனபின் அந்நீரில் கண்டறியும் உயிர்க்கு எவர் மொழியின் பெயர் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்பக்கத்தில் கீழடியை அடுத்த கொந்தகையின் ஈமத் தாழிகளில் கிடைத்த எலும்புகள் மரபியல் ஆய்வுக்காக மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுள்ளன. மட்கிய எலும்பில் எஞ்சும் மரபிழைத் துணுக்கு மிகச் சிறிது. வெம்மை தாங்கும் இத்தகு நொதிகளைக் கொண்டு பெருக்கினாலன்றி அது பேசாது. வடவர் வருகைக்கு முற்பட்ட நம் முன்னோர் யார் என்னும் வழக்கில் சான்று சொல்லப் போவது வெந்நீர்வாழியின் கொடை. அச்சான்று எம்மொழியில் எழுதப்படும்? நம் மேனிலைப் பள்ளிப் பாடநூல்களில் இந்நொதிக்குப் ‘பாலிமரேசு’ என்னும் ஒலிபெயர்ப்பே நிற்கிறது. இழைகோக்கும் நொதி என்று எழுதினால் ஆசிரியர் விளக்கவே வேண்டா. குளிர்நாடி, இடைவெம்மையன், வெம்மைநாடி, அழல்நாடி என்று உயிர்களின் வெம்மை வரிசைக்குச் சொல் வைத்தால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒரே நாளில் நான்கையும் கற்பான். இவற்றினும் நல்ல சொல் தருவோர் தரட்டும். பாடநூல் அடுத்துத் திருத்தப்படும்போது இந்நான்கையும் இழைகோக்கும் நொதியையும் வல்லுநர் குழு முன் வைக்கத் தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் ஒருங்கே கையொப்பமிட்ட மடல்கள், மாவட்டத்துக்கு ஒன்றேனும், இவ்வாண்டே செல்லவேண்டும்.