பழைய கார் வாங்கிய படலம்

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், நாலு அடி நடத்தியும் பார்ப்பான். மோட்டார் வாங்கப் போகிறவனோ பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறான். பிறரைக் குறித்து இதைச் சொல்லவில்லை. சென்ற மாதம் நாமே அவ்வாறு செய்ய இருந்தோம்.

சேலையூர்வாசிகளாகிய நமக்குக் கார் வெகு காலம் ஆடம்பரமாகவே தோன்றி வந்தது. பட்டணம் போக, தாம்பரத்தில் 1931-ஆம் வருஷம் முதல் மின்சார ரயில் இருக்கிறதே! ஆனால், தாயாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிஸிஸ் அவசியம் என்று வைத்தியர் சொன்ன பிறகு நிலைமை மாறிவிட்டது. எழுபத்தாறு வயதில், சிகிச்சை முடிந்து தளர்ந்த உடம்போடு, அவர் ஆட்டோவுக்காகத் தெருவோரம் நிற்பதைக் காணச் சகிக்கவில்லை. பெண்ணின் காலேஜ் படிப்புக்கென்று சேர்த்திருந்த தொகையிலிருந்து இரண்டு லட்சம் ரூபாய் எடுப்பதென்று தீர்மானித்தோம். அத்தகைய பணத்தில் தவறு செய்ய இடமேது?

முதற் கேள்வி, பெட்ரோலா டீசலா என்பது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு எட்டு கிலோமீட்டர். வருஷத்துக்கு முந்நூறு நாள் என்றால் 2,400. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், பதினைந்து கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டால் செலவு 16,000 ரூபாய். டீசலில் ஐயாயிரம் மிஞ்சலாம். ஆனால் ஒரே ஒரு ரிப்பேர் அந்த ஐயாயிரத்தை விழுங்கிவிடும். தவிர, 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. வண்டி நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். கேம்ப் ரோடு சந்திப்பில் நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தப் பாக்கியம் ஏது?

இரண்டாவது, உதிரிப் பாகங்கள். ஒரு காலத்தில் நம் வண்டலூரிலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்தார்கள். தொழிற்சாலை மூடிய பிறகு அதன் பாகங்களுக்கு எங்கே போவது? ஆகவே, தெருக்கோடி மெக்கானிக்கும் பிரித்துப் பூட்டக்கூடிய சிறிய பெட்ரோல் காரே நமக்குச் சிலாக்கியம்.

அப்படி ஒன்று கிடைத்தது. பவழம் போன்ற சிவப்பு, விலையும் சகாயம். "ஒரு கீறல் காட்டுங்கள், ஸார்!" என்றார் விற்பவர். நம்மோடு வந்த மெக்கானிக் பதில் பேசவில்லை. ஸீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தார். அடிப்பகுதியில் ஒரு பழுப்புக் கோடு! தரை விரிப்பைத் தூக்கினார். மூலையில் மெல்லிய வண்டல். ஸீட்டின் போல்ட்டுகளில் துரு.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை நம் பக்கத்தார் மறக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வேறு. வெள்ளத்தில் முழுகிய காரின் மின்சாரக் கம்பிகள் வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். அது நின்றுவிடும் இடம், நாம் தாயாரை அழைத்துவரும் வழியாகவும் இருந்திருக்கலாம்.

மூன்று வாரம் பொறுத்தோம். ஒரே சொந்தக்காரர் கையிலிருந்த வேறொரு காரை, எஞ்சின் ஆறியிருந்த காலை வேளையில் கிளப்பிப் பார்த்து வாங்கினோம். ஆர்.ஸி.யில் பாங்கிக் கடன் பாக்கி இல்லை என்று பார்த்து, 29, 30-ஆம் எண் படிவங்களில் கையொப்பம் பெற்று, இன்ஷூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்றினோம். பாட்டரியும் எண்ணெயும் கெடாதிருக்க, ஞாயிறுதோறும் சிங்கப்பெருமாள் கோவில் வரையில் ஓட்டி வருகிறோம்.

கதையைக் கேட்ட தாயார், "மாட்டுக்குப் பல், காருக்குப் பெல்ட்டாக்கும்! எதற்கும் உங்கப்பா மாதிரி பார்த்துத்தான் வாங்கணும்டா" என்றார். பின் ஸீட்டில் சாய்ந்துகொண்டு, வீடு வந்து சேரும் வரையில் நிம்மதியாகத் தூங்கினார்.