எண்ணுதல்

வசந்தத்தில் மலைப்பனி உருகி, அமெரிக்காவில் கொலம்பியாவின் துணையாறான ஸ்னேக் ஆறு பெருகும் நாட்களில், மயக்கமருந்து கலந்த நீரிலிருந்து ஒரு சால்மன் குஞ்சை எடுத்து ஈரமான உள்ளங்கையில் கிடத்துகிறார்கள். விரல் நீளம்தான் இருக்கும். கடலுக்குப் போகும் பருவம் வந்துவிட்டதால் விலாவின் கரும்பட்டைகள் மங்கி, உடலெங்கும் வெள்ளி பூத்திருக்கிறது. அதன் வயிற்றுக்குள் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடிக் குப்பியை ஊசியால் செலுத்துகிறார்கள். அரிசிமணி அளவுதான், அதற்குள் மின்கலம் கிடையாது, ஓர் எண் மட்டும் உறங்குகிறது. அணைகளில் பொருத்திய கருவியைக் கடக்கும் கணத்தில் அந்த எண் விழித்துக்கொள்ளும். குஞ்சு இதுவரை பிழைத்திருக்கிறது என்று சொல்லும். 1980களில் தொடங்கிய இந்த முறையில், கொலம்பியா ஆற்றுப் படுகையில் இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான குஞ்சுகள் எண் சுமந்து புறப்படுகின்றன.

கொலம்பியா ஆற்றுக்கு ஒரு காலத்தில் கணக்கே தேவைப்படவில்லை. ஆண்டுக்கு ஒரு கோடி மீன்களுக்கு மேல் திரும்பி வந்திருக்கும் என்பது பிற்காலத்தார் மதிப்பீடு. செலிலோ அருவியில் மரமேடைகளில் நின்று நீண்ட கோல்வலைகளால் மீன் அள்ளிய பழங்குடிகள், பருவத்தின் முதல் சால்மனை விருந்தாளியாக வரவேற்றுச் சடங்கு செய்த பிறகே மற்றவற்றைத் தொட்டார்கள். வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை 1855 ஒப்பந்தங்களில் தக்கவைத்துக்கொண்டார்கள். 1866இல் ஆற்றங்கரைக்கு மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை வந்தது. மீன் குறைந்தபோது பொரிப்பகம் கட்டினார்கள். 1938இல் பானவில் அணை எழுந்தபோது அதில் ஏணி வைத்தார்கள். ஏறி வரும் மீன்களை எண்ணும் வேலையும் அந்த ஆண்டே தொடங்கியது. கிராண்ட் கூலி அணைக்கோ ஏணியே இல்லை. அதற்கு மேலிருந்த ஆறு முழுவதும் சால்மனுக்கு மூடிப்போயிற்று. 1957 மார்ச்சில் ஒரே நாளில் செலிலோ அருவி இன்னோர் அணையின் நீரில் மூழ்கியது. பிறகு குஞ்சுகளைப் படகிலும் லாரியிலும் ஏற்றி அணைகளைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார்கள். இழப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவியை விடையாக வைத்து, அடுத்த இழப்பு வரை நிம்மதியாக இருந்ததுதான் நமக்கு வந்து சேர்ந்த மரபு.

அந்த வரிசையில் கடைசியாக வந்த இந்தக் குப்பி எதையும் சரிசெய்வதாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் பனிநீரின் வேகத்தில் கடலைத் தொட்ட குஞ்சுகள், இப்போது தேங்கிய நீரில் வாரக்கணக்கில் தடுமாறுவதை அது காட்டியது. முகத்துவாரத் தீவில் ஆலாப் பறவைகள் கூடுகட்டும் மணலைச் சலித்தால், உண்ணப்பட்ட குஞ்சுகளின் குப்பிகள் கிடைக்கின்றன. உடல் போய் எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் கணக்கு துல்லியமாக ஆக ஆக, ஆறு நிறைந்துவிடவில்லை. 1992இல் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு, எட்டு அணைகளைக் கடந்து, ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் நீந்தி, ஒரே ஒரு சாக்ஐ சால்மன் வந்து சேர்ந்தது. ஒன்று என்று எழுதுவதற்குக் கருவி எதற்கு?

2024இல் வேறோர் ஆறான கிளாமத்தில் நான்கு அணைகளை அகற்றி முடித்த சில நாட்களிலேயே, நூறாண்டுக்கு மேலாக மூடிக்கிடந்த நீருக்குள் சால்மன் ஏறிவந்தது. ஆறு தன் வழியை மறக்கவில்லை. நம் மொழியில் எண்ணுதல் என்றால் கணக்கிடுவது மட்டுமல்ல, நினைப்பதும்தான். முதல் மீனுக்காகக் கைகட்டிக் காத்திருந்தவர்கள் இரண்டாவது பொருளில் எண்ணினார்கள். நாம் முதல் பொருளோடு நின்றுவிட்டோம். உள்ளங்கையிலிருந்து ஆற்றுக்குள் நழுவும் அந்தக் குஞ்சு, இரண்டையும் சேர்த்தே நம்மிடம் கேட்கிறது.