கப்பலில் வந்த நண்டு

1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சிக் கரையில் ஆசியக் கரைநண்டு முதன்முதலாகக் காணப்பட்டது. அதன் தாயகம் ஜப்பான், கொரியா, சீனக் கரைகள். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து கொட்டும் நீரில் குஞ்சாக வந்திருக்கலாம் என்பர்.

பெண் நண்டு ஒரு தடவையில் 50,000 முட்டைகள் வரை சுமக்கும். பருவத்தில் மூன்று நான்கு தடவை. குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாதம் நீரோட்டத்தில் மிதந்து பரவும். சிறு மட்டிகளையும் பாசியையும் தின்று, வட கரோலினா முதல் மேய்ன் வரை கற்கரைகளில் பெருகிவிட்டது.

நண்டைப் பழிப்பது நியாயமன்று. அது தானாக வரவில்லை. பாராமல் கொண்டுவந்தவர்களே பொறுப்பாளிகள். கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு, 2017இலேயே நடைமுறைக்கு வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

களை பூக்குமுன் பிடுங்க வேண்டும் என்பதைக் கமக்காரராகிய நாம் அறிவோம். காணி திரும்பும்போது, கொண்டுபோகும் விதைநெல்லை முதலில் புடைத்துப் பார்ப்போம்.