சோதனை பொக்ரானில், லாபம் பங்குச் சந்தையில்

2025 மார்ச் 26 அன்று ஒன்றிய பாதுகாப்பு அமைச்சகம், 307 இழுவைப் பீரங்கிகளையும் அவற்றை இழுத்துச் செல்லும் வாகனங்களையும் வாங்குவதற்கான ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது. மொத்த மதிப்பு சுமார் 6,900 கோடி ரூபாய். பீரங்கிகளில் 184ஐ, அதாவது 60 சதவீதத்தை, பாரத் ஃபோர்ஜ் குழுமம் வழங்கும். எஞ்சிய 123ஐ டாடா குழுமத்தின் டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் வழங்கும். நாட்டின் மிகப் பழைய பீரங்கித் தொழிற்கூடங்களைக் கொண்ட பொதுத்துறைக்கு இந்த ஒப்பந்தத்தில் ஒரு பீரங்கி கூட இல்லை.

"தற்சார்பு இந்தியாவின் வெற்றி" என்று ஆளும் கட்சி இதனைக் கொண்டாடுகிறது. பீரங்கி இந்தியாவில் வடிவமைக்கப்பட்டது என்பதில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்கு உரியவர்கள் யார்? அதன் பலனை எடுத்துக்கொள்பவர்கள் யார்? இந்த இரண்டு கேள்விகளையும் எழுப்பாமல் தற்சார்பைப் பற்றிப் பேசுவது மக்களை ஏமாற்றுவதாகும்.

போஃபர்ஸ் கற்பித்த பாடம்

1986 மார்ச்சில் ராஜீவ் காந்தி அரசாங்கம் சுவீடனின் ஏ.பி. போஃபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 1,437 கோடி ரூபாய். 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி லஞ்சத்தை அம்பலப்படுத்தியது. கைமாறியதாகச் சொல்லப்பட்ட 64 கோடி ரூபாய் அந்த அரசாங்கத்தையே அசைத்தது. 1989 ஜூலையில் எதிர்க்கட்சி மக்களவை உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி விலகினர். அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது.

இந்தக் கதையை அனைவரும் அறிவர். அறியப்படாத பகுதி வேறொன்று உண்டு. அந்த ஒப்பந்தத்தில் பீரங்கியை இந்தியாவிலேயே தயாரிப்பதற்கான தொழில்நுட்ப மாற்றமும் அடங்கியிருந்தது. வரைபடங்களும் ஆவணங்களும் நம் கைக்கு வந்தன. ஆனால் ஊழல் வெடித்தபின் வந்த அரசாங்கங்கள் ஒவ்வொன்றும் பீரங்கி என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கின. மக்கள் பணத்தில் வாங்கிய அந்த ஆவணங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அலமாரியில் கிடந்தன. மறுபக்கம், நிறுவனம் தடைப்பட்டியலில் இடம்பெற்றதால் உதிரிபாகங்களும் கிடைக்கவில்லை. ஒரு பீரங்கியைக் கழற்றி மற்றொன்றை ஓடவைக்கும் நிலைக்கு இராணுவம் தள்ளப்பட்டது.

1999இல் கார்கில் மலைகளில் அந்தப் பீரங்கிகளே போரிட்டன. அதே ஆண்டில் களப் பீரங்கிப் படையை நவீனப்படுத்தும் பெருந்திட்டமும் தீட்டப்பட்டது. பின்னரும் இறக்குமதிக்கான டெண்டர்களே மீண்டும் மீண்டும் விடப்பட்டன. தென்னாப்பிரிக்க நிறுவனமும் சிங்கப்பூர் நிறுவனமும் அடுத்தடுத்துத் தடைப்பட்டியலில் சேர்ந்தன. போஃபர்ஸுக்குப் பின் ஒரு புதிய 155 மிமீ பீரங்கி இராணுவத்தில் சேர 2018 நவம்பர் வரை, முப்பது ஆண்டுகளுக்கும் மேல், காத்திருக்க நேர்ந்தது. அப்போது சேர்ந்தவையும் அந்நிய வடிவங்களே: ஒன்று அமெரிக்காவின் எம்777, மற்றொன்று தென்கொரியப் பீரங்கியை அடிப்படையாகக் கொண்டு எல் அண்டு டி தயாரித்த கே9 வஜ்ரா.

தரகுக்கு வழிவிடும் இறக்குமதி மோகமே நாட்டின் பீரங்கித் திறனை முடமாக்கியது. பழி மட்டும் பொதுத்துறையின் தலையில் விழுந்தது.

தனுஷ் நிரூபித்தது என்ன?

அலமாரியில் கிடந்த ஆவணங்களைத் தூசு தட்டி எடுத்தவர்கள் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஆவர். 1904இல் நிறுவப்பட்ட ஜபல்பூர் பீரங்கி வண்டித் தொழிற்சாலை இந்தப் பணியின் மையமாக விளங்கியது. போஃபர்ஸின் குழல் நீளம் 39 காலிபர், ஏறத்தாழ 6 மீட்டர். அதனை அப்படியே நகலெடுக்காமல் 45 காலிபராக, ஏறத்தாழ 7 மீட்டராக நீட்டினர். ஏறத்தாழ 38 கிலோமீட்டர் சுடும் 'தனுஷ்' பிறந்தது. 2019 பிப்ரவரியில் 114 பீரங்கிகளைத் தயாரிக்க அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் முதல் ஆறு இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. பழைய சோவியத் 130 மிமீ பீரங்கிகளை 155 மிமீ 'சாரங்' ஆக மாற்றியமைத்ததும் இதே தொழிற்சாலைகள்தான்.

தனுஷின் பாதை சீரானதாக இருக்கவில்லை. 2017 சோதனையின்போது குண்டு குழல்முனையில் மோதிச் சேதம் விளைந்தது. ஒப்படைப்பும் தாமதமாகியது. இவற்றை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அதே 2017இல் பொக்ரானில் அமெரிக்க எம்777இன் குழலும் சிதைந்தது. 2020 செப்டம்பரில், இன்று ஆர்டர் பெற்றுள்ள அதே ஏ.டி.ஏ.ஜி.எஸ். ரகப் பீரங்கியின் குழலும் பொக்ரான் சோதனையில் வெடித்தது. உலகின் எந்தப் பீரங்கியும் விபத்தின்றிச் சோதனைக் களத்தைக் கடந்ததில்லை. எம்777இலும் ஏ.டி.ஏ.ஜி.எஸ்.ஸிலும் நடந்தால் அது "கற்றல்". தனுஷில் நடந்தால் அது "பொதுத்துறையின் திறமையின்மை". இந்த இரட்டை அளவுகோலை ஏற்க முடியாது.

2017இல் மத்தியப் புலனாய்வுத் துறை பதிவு செய்த வழக்கு ஒன்றையும் நினைவுகூர வேண்டும். தனுஷுக்கு வாங்கப்பட்ட பேரிங்குகள் சீனாவில் தயாரானவை என்றும், அவற்றை ஜெர்மனியில் தயாரானவை என்று சொல்லி டெல்லியைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனம் விற்றது என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. வாரியத்தின் பெயர் குறிப்பிடப்படாத அதிகாரிகளும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டனர். குற்றம் செய்தவர் எவராயினும் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் உள்ளே தயாரிப்பதைக் குறைத்து வெளியே வாங்குவதைக் கூட்டும் கொள்கை எத்தகைய வாசல்களைத் திறந்துவிடுகிறது என்பதை அந்த வழக்கு உணர்த்துகிறது.

யாருடைய உழைப்பு, யாருடைய ஆர்டர்?

இப்போது ஆர்டர் பெற்றுள்ள ஏ.டி.ஏ.ஜி.எஸ். பீரங்கிக்கு வருவோம். 155 மிமீ, 52 காலிபர். அதாவது குழல் மட்டும் 8 மீட்டர் நீளம். 2017 சோதனையில் இது ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தூரம் சுட்டது. 2022 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் சுதந்திர தின மரியாதைக்கு முழங்கியதும் இதுவே.

இதனை வடிவமைத்தது புனேயிலுள்ள ஆயுத ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம். அது அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பைச் சேர்ந்த ஆய்வகம். 2013 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் அரசு விஞ்ஞானிகள் இதற்காக உழைத்துள்ளனர். பாலசோரின் கடற்கரையிலும், பொக்ரானின் வெயிலிலும், சிக்கிமின் குளிரிலும் சோதனைகள் நடந்தன. சோதனைத் தளங்கள் அரசுடையவை. களத்தில் சோதித்தவர்கள் அரசு ஊதியம் பெறும் படைவீரர்கள். விளைபொருளை வாங்கப் போவதும் அரசே. உலகில் எந்த முதலாளிக்கு இத்தகைய வணிகம் வாய்க்கும்? கண்டுபிடிப்பின் பெரும் இடர் அரசுக்கு, சந்தை உத்தரவாதமும் அரசிடமிருந்து, லாபம் மட்டும் தனக்கு!

தனியார் கூட்டாளிகளும் தங்கள் பணத்தைச் செலவிட்டுள்ளனர் என்று பதில் வரும். இருக்கட்டும். அப்படியானால் கணக்கை வெளியிடுங்கள். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பொதுப்பணம் எவ்வளவு, தனியார் பணம் எவ்வளவு என்று நாடாளுமன்றத்தின் முன் வையுங்கள். 2019இல் அறிவிக்கப்பட்ட தொழில்நுட்ப மாற்றக் கொள்கையின்படி, மேம்பாட்டுக் கூட்டாளிகளான நிறுவனங்களிடம் தொழில்நுட்பத்துக்கான கட்டணமே வாங்கப்படுவதில்லை. மக்கள் வரிப்பணத்தில் விளைந்த அறிவு இலவசமாகப் போகிறது. அதே அறிவைக் கொண்டு செய்த பீரங்கியை அதே மக்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

டெண்டரில் குறைந்த விலை கேட்டவருக்கே ஆர்டர் என்றும் வாதிடுவார்கள். களத்தில் யாரை இறக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் போட்டி நடத்துவதற்குப் பெயர் போட்டி அல்ல. மேம்பாட்டுக் கட்டத்திலேயே கூட்டாளிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இருவருக்குள் மட்டும் 60க்கு 40 என்று பங்கு பிரிந்தது. தனுஷை உருவாக்கிக் காட்டிய ஜபல்பூரும் கான்பூரும் அந்தப் பந்தியில் இல்லை.

ஒரு நகரம், நான்கு கம்பெனிகள்

இது தற்செயலாக நடந்ததல்ல. 2001 மே மாதம் வாஜ்பாய் அரசாங்கம் பாதுகாப்பு உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்து 26 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தது. மோடி அரசாங்கம் அதனை 49 ஆக்கி, 2020இல் தானியங்கி வழியில் 74 சதவீதமாக்கியது. பெரும்பான்மைப் பங்கை அந்நியர் கையில் கொடுத்துவிட்டு அதற்குத் தற்சார்பு என்று பெயர் சூட்டும் துணிவு இந்த அரசாங்கத்துக்கே உண்டு. கொரோனா ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்துகொண்டிருந்த 2020 மே மாதத்தில்தான் படைக்கலத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக்கும் அறிவிப்பும் வந்தது.

1801இல் கொல்கத்தாவின் காசிப்பூரில் தொடங்கி 41 தொழிற்சாலைகளாக வளர்ந்த அமைப்பு 2021 அக்டோபர் 1 அன்று கலைக்கப்பட்டு ஏழு கம்பெனிகளாகக் கூறுபோடப்பட்டது. இதன் பொருளை ஜபல்பூரில் நேரடியாகக் காணலாம். பீரங்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனியில், இராணுவ வாகனத் தொழிற்சாலை இன்னொன்றில், வார்ப்பாலை மூன்றாவதில், குண்டு நிரப்பும் கமாரியா தொழிற்சாலை நான்காவதில். பீரங்கியும் அதன் குண்டும் அதனை இழுக்கும் வண்டியும் ஒரே நகரத்தில், ஒரே நிர்வாகத்தின்கீழ் உருவாகிய ஏற்பாடு உடைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் திருச்சியும் ஆவடியும் அருவங்காடும் இதேபோல் பல கம்பெனிகளுக்குள் சிதறடிக்கப்பட்டன. சேர்ந்து நின்றால் எந்தத் தனியார் நிறுவனத்தோடும் போட்டியிடும் வலிமை பெற்ற அமைப்பைத் துண்டாடிவிட்டு, "போட்டியிடுங்கள்" என்று சொல்வது கையைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்வதாகும்.

இதனை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்க வேறுபாடுகளைக் கடந்து வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானபோது, 2021 ஜூன் 30 அன்று அவசரச் சட்டம் வந்தது. பின்னர் அது அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டமாக நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு வரை சிறை, தூண்டினால் இரண்டாண்டு வரை சிறை என்று அச்சட்டம் அப்போது மிரட்டியது. ஊழியர்களின் பணிநிலை அப்படியே தொடரும் என்று வாக்குறுதி அளித்தார்கள். நடந்தது என்ன? முதலில் இரண்டாண்டு அயற்பணி, பின்னர் நீட்டிப்பின் மேல் நீட்டிப்பு. நாளை என்னவாகும் என்று அறியாத தொழிலாளியிடம் துல்லியமான பீரங்கிக் குழலை எதிர்பார்க்கிறார்கள்.

"படைவீரனுக்குத் தேவையில்லையா?"

நமது விமர்சனத்துக்கு ஆளும் கட்சியின் ஆயத்தப் பதில் ஒன்று உண்டு: எல்லையில் நிற்கும் வீரனுக்கு நல்ல பீரங்கி வேண்டாமா? நிச்சயம் வேண்டும். அதனால்தான் இந்தக் கேள்விகளை எழுப்புகிறோம். பீரங்கி ஒருமுறை வாங்கி முடியும் பொருளன்று. குழல் தேயும், மாற்ற வேண்டும். பல பத்தாண்டுகளுக்குக் குண்டும் உதிரிபாகமும் வேண்டும். போர்க்காலத்தில் உற்பத்தியை ஒரே இரவில் மும்மடங்காக்க வேண்டியிருக்கும். லாபம் வராத அமைதிக் காலத்திலும் இயந்திரங்களையும் திறமையான தொழிலாளரையும் தயாராக வைத்திருக்க எந்தத் தனியார் முதலாளி முன்வருவார்? அந்தச் சுமையைச் சுமப்பதற்கென்றே படைக்கலத் தொழிற்சாலைகள் இருந்தன. அந்தச் சுமையையே "நட்டம்" என்று கணக்கெழுதி அவற்றை ஒழிக்கிறார்கள்.

குண்டுகளின் தரம் பற்றித் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் குறை கூறவில்லையா என்றும் கேட்பார்கள். கூறியிருக்கின்றன. அதற்கு மருந்து புதிய இயந்திரங்கள், ஆய்வுக்கூடங்கள், காலிப் பணியிடங்களை நிரப்புதல், தரக் கட்டுப்பாட்டில் தொழிலாளர்களின் பங்கேற்பு. நோயாளிக்கு மருந்து தராமல் வீட்டை விற்பவனை மருத்துவன் என்று யாரும் அழைப்பதில்லை.

அந்நியச் சார்பும் குறையவில்லை. 2016 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் இராணுவத் தளவாட ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்றே மாதங்களில் 145 எம்777 பீரங்கிகளுக்கு ஏறத்தாழ 74 கோடி டாலர் ஆர்டர் போனது. 2024 டிசம்பரில் கே9 வஜ்ராவுக்கு மேலும் 7,629 கோடி ரூபாய். 2025-26 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு 6.81 லட்சம் கோடி ரூபாய். கிராமப்புற வேலை உறுதித் திட்டத்துக்கு 86,000 கோடி மட்டுமே. இவ்வளவு பெரும் பணம் எங்கே போகிறது என்று கேட்பது தேசவிரோதம் ஆகாது. கேட்காமல் இருப்பதே கடமை தவறுதல்.

நமது கோரிக்கைகள்

ஏ.டி.ஏ.ஜி.எஸ். உருவாக்கத்தில் செலவான பொது, தனியார் பணத்தின் முழு விவரம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். சோதனை விபத்துகளின் விசாரணை முடிவுகள் நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வர வேண்டும். இனி வரும் பீரங்கி ஆர்டர்களில் ஜபல்பூர், கான்பூர் தொழிற்சாலைகளுக்கு உறுதியான பங்கு வழங்கப்பட வேண்டும். ஏழு கம்பெனிகளாகப் பிரித்தது ரத்து செய்யப்பட்டு, தொழிற்சாலைகள் மீண்டும் ஒரே அரசுத் துறையாக இணைக்கப்பட வேண்டும். ஊழியர்களின் பணிநிலைக்குச் சட்டப் பாதுகாப்பும், வேலைநிறுத்த உரிமைக்கு உத்தரவாதமும் வேண்டும்.

தோழர்களே! தேசபக்தியின் பெயரால் நடக்கும் இந்தக் கைமாற்றத்தைப் பாதுகாப்புத் துறை ஊழியர்களின் தனிப் பிரச்சனையாக நாம் கருதக் கூடாது. வங்கி, ரயில்வே, காப்பீடு, துறைமுகம் என எங்கும் நடப்பதுதான் பீரங்கிப் பட்டறையிலும் நடக்கிறது. கிளைக் கூட்டங்களிலும் தெருமுனைகளிலும் இந்தக் கணக்கை மக்களிடம் எடுத்துச் சொல்வோம். நாட்டைக் காக்கும் பீரங்கியை வடித்தெடுத்த கைகளுக்கு வேலையும் உரிமையும் கிடைக்கும்வரை தற்சார்பு என்பது வெறும் விளம்பரமே.