எம்சிபிக்கு ஒரு பேர் வேண்டாமா?

குளியலறைக் குழாய்க்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறவர்கள் வீட்டில் டிபி பாக்ஸைத் திறந்தால், ஒவ்வொரு லைனையும் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சுகள் வரிசையாக நிற்கும். எது எதற்கென்று யாருக்கும் தெரியாது. மிஞ்சிப்போனால் மாஸ்கிங் டேப்பில் ஸ்கெட்ச் பேனாவால் ‘ஏசி’ என்று எழுதியிருக்கும். எந்த ஏசி?

மதுரையில் வயரிங் வேலை பார்ப்பவன் நான். பிளையர், டெஸ்டரோடு லேபிள் பிரின்டரும் வயர்மேன் பையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் வாங்கும்போது மெஷினைப் பார்க்காதீர்கள், டேப்பைப் பாருங்கள்.

கைபேசியோடு இணைத்து அடிக்கும் குட்டி மெஷின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் மையே கிடையாது. ஏடிஎம் சீட்டு மாதிரி, சூடு பட்டால் கறுக்கும் தாள். மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் போதும். மேற்குச் சுவரில் வெயில் காயும் மீட்டர் பலகையில் ஒட்டினால் எழுத்து வெளுக்கும், இல்லையென்றால் லேபிளே கறுக்கும். ரிப்பனிலிருந்து மையை டேப்புக்கு ஏற்றும் வகைதான் வயரிங்குக்கு ஆகும். பிரதர் பி-டச்சின் டிஇஸட்இ லேமினேட் டேப்பில் எழுத்து இரண்டு படலங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிடுகிறது. பெயின்ட் அடிப்பவர் கை பட்டாலும் துடைத்துக்கொள்ளலாம். டைமோ ரைனோவுக்கு வினைல், நைலான் டேப்புகள் உண்டு.

எம்சிபி ஒன்றின் அகலம் சுமார் 18 மி.மீ. அதன் மேல் ஒட்ட 9 அல்லது 12 மி.மீ. டேப் போதும். வயரில் சுற்றுவது வேறு கதை. 1.5 சதுர மி.மீ. வயரில் விறைப்பான டேப் ஓரம் கிளம்பிவிடும். வளைந்து கொடுக்கும் டேப் தனியாக வாங்க வேண்டும். சூட்டில் சுருங்கும் குழாயிலும் அடிக்கலாம். வயரை டெர்மினலில் மாட்டுவதற்கு முன்பே குழாயை அதில் கோத்துவிட வேண்டும்.

நம் ஊர் வீடுகளில் அதிகம் படுத்துவது இன்வர்ட்டர் லைன். மெயினை இறக்கிவிட்டு ஃபேனைக் கழற்ற ஏணியில் ஏறுகிறார் ஒருவர். அந்த பாயின்ட் இன்வர்ட்டரில் இருந்தால் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும். நியூட்ரல் இன்னொரு தலைவலி. எல்லாமே கறுப்பு வயர். இன்வர்ட்டர் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் யாரோ ஒன்றாக முறுக்கியிருப்பார்கள். போன கரண்ட் வேறு வழியில் திரும்பும்; போவதும் வருவதும் ஒத்துப்போகாவிட்டால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் ஆர்சிசிபியைத் திட்டுவார். அதனால் ஃபேஸை விட்டாலும் விடுங்கள், நியூட்ரலின் இரண்டு முனையிலும் பேர் இருக்கட்டும்.

அந்தப் பேர் தமிழில் இருக்க வேண்டும். தீப்பொறி பறக்கும்போது டிபி பாக்ஸுக்கு ஓடுவது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் அம்மாவோ ஆச்சியோதான்; அவர்களுக்கு ‘பிடபிள்யூஆர் 2’ என்ன சொல்லும்? ‘போர் மோட்டார்’ என்று இருந்தால் கை தானாகப் போகும். கையில் பிடித்து அடிக்கும் மெஷின்கள் பலவற்றில் ஆங்கில எழுத்துதான். கணினியோடு இணையும் மாடல் என்றால் தமிழ் எழுத்துருவும் அடிக்கலாம். கொஞ்சம் கூடுதல் விலை, கொடுக்கலாம்.

டேப் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு லேபிளுக்கும் முன்னால் மெஷின் ஏறக்குறைய ஓர் அங்குலம் வெற்று டேப் தள்ளும். எல்லாப் பேரையும் ஒரே சங்கிலியாக அடித்துக் கத்தரித்தால் அந்தச் சேதாரம் ஒரே ஒரு தடவைதான்.