துப்புத் துலங்காக் கொலைகளும் ஊரார் கடனும்

ஓர் ஊரின் பெருமையை அளக்கப் புகுவோர் அதன் மாடங்களையும் பாலங்களையும் எண்ணுவர். கல்விச் சாலைகளையும் மருத்துவச் சாலைகளையும் எண்ணுவர். அவ்வூரில் கொலையுண்டு மாண்டவருள் எத்துணைப் பேர்க்கு நீதி கிடைத்தது என்று எண்ணுவாரைக் காண்டல் அரிது. யாமோ, பிற எண்ணிக்கைகள் யாவற்றினும் இவ்வெண்ணிக்கையே ஊரின் உள்ளத்தை உள்ளவாறு காட்டுவதென்று கருதுகின்றோம். இக்கருத்தை நிறுவுதற்கு, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுமேற்குப் பகுதியில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் விளங்கும் செயின்ட் லூயிஸ் நகரைச் சான்றாக எடுத்துக்கொள்வோம்.

மிசௌரி ஆறு மிசிசிப்பியோடு கலக்குமிடத்திற்குச் சற்றுத் தெற்கே, 1764-ஆம் ஆண்டில், பிரெஞ்சு வணிகர் இந்நகரை நிறுவினர். தம் நாட்டு மன்னர் ஒன்பதாம் லூயியின் பெயரையே இதற்குச் சூட்டினர். அம்மன்னர் வென்சேன் என்னும் காட்டில் கருவாலி மரத்தடியில் அமர்ந்து, வந்தவர் யாவராயினும் அவர்தம் முறையீட்டைத் தாமே கேட்டார் என்று அவர் வரலாறு எழுதிய நண்பர் கூறுவர். நீதிக்குப் பேர்போன ஒரு மன்னர் பெயரால் வழங்கும் நகரம் அது. 1874-இல் ஆற்றின்மேல் இட்ட எஃகுப் பாலமும், 1904-இல் நடத்திய உலகப் பொருட்காட்சியும், 1965-இல் கட்டி முடித்த 630 அடி உயரமுள்ள வளைவும் அதன் புகழை உலகெங்கும் பரப்பின. ஆயினும் 1950-இல் 8,56,796 ஆக இருந்த மக்கள்தொகை 2020-இல் 3,01,578 ஆகச் சுருங்கிற்று. ஆலைகள் மூடின, வீடுகள் பாழாயின, வாழ வழியுடையோர் புறநகர்க்குப் பெயர்ந்தனர்.

இத்தகைய நகரில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 260-க்கு மேற்பட்டோர் கொலையுண்டனர். 2024-இல் அத்தொகை 150 அளவிற்குக் குறைந்தது. இக்குறைவு மகிழ்தற்குரியதே, அதற்கென உழைத்தாரை யாமும் வாழ்த்துகின்றோம். எனினும், கொலை குறைந்தது என்னும் செய்தி முன்னரே கொலையுண்டார்க்கு விடையாகாது. 2024-இல் செய்தியாளர் சிலர் கூடி ஆராய்ந்து, அதற்கு முந்திய பத்தாண்டுகளுள் அந்நகரில் துப்புத் துலங்காது நின்ற கொலைகள் ஏறக்குறைய ஆயிரம் என்று வெளியிட்டனர். ஆயிரம் கொலை எனின், ஆயிரம் குடும்பங்களின் தீராத் துயரம். கொன்றவர் சிலர் அதே தெருவில் நடமாடுதலும் கூடும். கொலையுண்டவன் தாய் அவர் எதிரே நடந்து சென்று, இவர்தாமோ அவர் என்று ஐயுற்றுத் தலைகுனிதலும் கூடும்.

இது மனித முயற்சிக்கு எட்டாத தீமை என்று கூறி அமைதல் பொருந்துமோ? பொருந்தாது. 1960-களின் நடுவில் அமெரிக்க நாடு முழுவதிலும் நிகழ்ந்த கொலைகளுள் நூற்றுக்கு 90 அளவில் போலீஸாரால் தீர்க்கப்பட்டன. 2021-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வளவு நூற்றுக்கு 50 வரை இறங்கிவிட்டது. அறுபதாண்டுகளுக்கு முன் மரபணு ஆராய்ச்சி இல்லை. தெருதோறும் படம்பிடிக்கும் கருவிகள் இல்லை. கையிற் கொண்டு திரியும் தொலைபேசி இல்லை. கருவிகள் பெருகப் பெருகக் கண்டுபிடிப்புக் குறைந்தது என்றால், குறை கருவியினிடத்து இல்லை என்பது தெளிவு.

அன்றியும், ‘தீர்க்கப்பட்டது’ என்னும் சொல்லையும் சிறிது ஆராய்தல் வேண்டும். போலீஸார் கணக்கில் ஒருவரைச் சிறைபிடித்து வழக்குத் தொடர்ந்தாலே தீர்ந்ததாம். குற்றவாளி என்று கருதப்பட்டவர் இறந்துபோனாலும் தீர்ந்ததாம். மேலும், பழைய கொலை ஒன்று இவ்வாண்டு தீர்க்கப்படின், அஃது இவ்வாண்டுக் கணக்கிலேயே சேரும். ஆதலின் ஏட்டிலே காணும் நூற்று வீதம் உண்மை நிலையினும் அழகுடையதாகத் தோன்றுதல் கூடும். கணக்கு, காண்பவரை மயக்குவதற்கு ஏற்பட்டதன்று, நெறிப்படுத்துவதற்கு ஏற்பட்டது.

எண்களை விடுத்து ஒரு தனிக் கொலையை நோக்குவோம். 1983-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், அந்நகரில் ஆளில்லாது பாழ்பட்டுக் கிடந்த ஒரு கட்டடத்தின் நிலவறையில், தலையற்ற ஒரு சிறுமியின் உடல் காணப்பட்டது. கறுப்பினத்துக் குழந்தை, பதினொன்றுக்கு மேற்படாத வயதினள். அவளைத் தேடி எவரும் வரவில்லை. அவள் பெயரை எவரும் அறிந்திலர். பல மாதம் காத்திருந்து, அவ்வாண்டு டிசம்பரில் அவளை அடக்கம் செய்தனர். பின்னர் அவள் அணிந்திருந்த கம்பளிச் சட்டையைக் குறி சொல்லும் ஒருவர்க்கு அஞ்சல் வழியே அனுப்பினர். அச்சட்டை வழியிலேயே காணாமற் போயிற்று. 2013-இல் புதிய முறைகளால் ஆராய்வான் வேண்டி அவள் உடலைத் தோண்டியெடுக்க முயன்றபொழுது, கல்லறை எங்குள்ளதென்பதே தெரியவில்லை. பேணுவாரின்றிப் புதர் மண்டிய இடுகாட்டில், பழைய புகைப்படங்களைக் கொண்டு இடத்தைக் கணித்தே உடலைக் கண்டெடுத்தனர். எலும்பில் உள்ள தனிமங்களைச் சோதித்து, அவள் தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்திருத்தல் கூடும் என்று ஊகித்தனர். 2014-இல் வேறோர் இடுகாட்டில் மீண்டும் அடக்கினர். கொலை நிகழ்ந்து 40 ஆண்டு நிறைந்தபொழுதும் அக்குழந்தையின் பெயர் வெளிப்பட்டிலது.

உழைத்தவர் இல்லை என்று யாம் கூறவில்லை. துப்பறிவோர் சிலர் அச்சிறுமியைத் தம் மகளேபோல் எண்ணிப் பல்லாண்டு தேடினர். எனினும் பெயர் முதலில் மறைந்தது. பின்னர்ச் சான்று மறைந்தது. பின்னர்க் கல்லறையும் மறைந்தது. துப்புத் துலங்காமை என்பது ஒரே நாளில் நிகழ்வதன்று. சிறு சிறு மறதிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து ஆவது.

இதற்கு மறுதலையான ஒரு நிகழ்ச்சியும் அந்நகரின் சுற்றுப்புறத்திலேயே உண்டு. 1990, 1991-ஆம் ஆண்டுகளில் பெண்டிர் சிலர் காணாமற்போய், பின்னர்ப் பிணமாகக் கிடைத்தனர். முப்பதாண்டு வரை கொன்றவன் இன்னான் என்று தெரியவில்லை. புறநகர்க் காவல் நிலையம் ஒன்றில் பணிபுரிந்த ஒரு பெண் துப்பறிவாளர் அப்பழைய கட்டுகளை விடாது படித்து, சேமித்து வைத்திருந்த சான்றுப் பொருள்களைப் புதிய முறையில் மீண்டும் சோதிக்கச் செய்தார். 2022-இல் மரபணு பேசிற்று. கொன்றவன் வேறொரு கொலைக்காக முன்னரே சிறையில் இருந்தான், வினவியபொழுது ஒப்புக்கொண்டான். இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓருண்மை விளங்கும். ஒன்றில் சான்று அஞ்சலில் தொலைந்தது. மற்றொன்றில் சான்று அலமாரியில் காத்திருந்தது. முப்பதாண்டு கழிந்த பின்னும் நீதிக்கு வழிதிறந்தது அக்காத்தலே.

இனி, இறந்தோர் யாவர் என்று வினவுதல் இன்றியமையாதது. அந்நகரை டெல்மார் என்னும் நெடுஞ்சாலை வடக்கும் தெற்குமாகப் பிரிக்கின்றது. வடபால் வாழ்வோர் பெரும்பாலும் கறுப்பினத்தோர்; வறுமையும் பாழ்வீடுகளும் அங்கே மிகுதி. நகர மக்களுள் கறுப்பினத்தோர் பாதிக்கும் குறைவினர்; கொலையுண்டோருள்ளோ அவர் மிகப் பெரும்பான்மையர். 2018-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ், 50 பெருநகரங்களில் பத்தாண்டுகளில் நிகழ்ந்த 50,000-க்கு மேற்பட்ட கொலைகளை ஆராய்ந்தது. இறந்தவர் வெள்ளையராயின் நூற்றுக்கு 63 கொலைகளில் எவரேனும் சிறைபிடிக்கப்பட்டனர்; கறுப்பினத்தவராயின் நூற்றுக்கு 47 கொலைகளிலேயே. உயிர்க்கு நிறமில்லை என்பர் அறிஞர். ஆயின் உயிரிழப்பிற்கு விடை தேடும் முயற்சிக்கு நிறமுண்டு என்று இக்கணக்கு இயம்புகின்றது.

“சான்று சொல்ல எவரும் முன்வருகின்றிலர், யாம் என் செய்வோம்?” என்பது காவலர் கூறும் விடை. இதில் உண்மை இல்லாமலில்லை. கண்டதைக் கூறினவர் மறுநாள் தம் வாயிலில் சுடப்படுவார் எனின், வாய் திறத்தற்கு யாவர் துணிவர்? எனினும் அவ்வச்சத்தின் வேர் எங்குள்ளது என்று பார்த்தல் வேண்டும். நேற்றைய கொலைஞன் பிடிபடாமையால் இன்று சான்றுரைப்போர் அஞ்சுகின்றனர். இன்று சான்றின்மையால் நாளைய கொலைஞனும் தப்புகின்றான். நீதிமன்றை நம்பாத இளைஞன் பழியைத் தானே தீர்க்கத் துப்பாக்கி ஏந்துகின்றான்; அதனால் மற்றொரு கொலையும் துப்பற்றதாகின்றது. இச்சுழலை அறுக்கும் பொறுப்பை வலிமையில்லாத குடிமக்கள்மேல் முதலில் சுமத்துதல் முறையன்று. காக்கும் ஆற்றல் உடையவரே முதலடி வைத்தல் வேண்டும்.

விரைந்து எவரையேனும் பிடித்துக் கணக்கை நேர்செய்க என்பதும் எம் கருத்தன்று. அந்நகரில் 1994-இல் நிகழ்ந்த ஒரு கொலைக்காக ஏறக்குறைய 28 ஆண்டு சிறையிருந்த ஒருவரை, குற்றமற்றவர் என்று கண்டு 2023 பிப்ரவரியில் நீதிமன்று விடுவித்தது. அக்கொலை 28 ஆண்டும் ஏட்டில் தீர்ந்த கொலையாகவே இருந்தது! பிழையாகத் தீர்க்கப்பட்ட கொலை இருமுறை தீராதது: குற்றமற்றான் வாழ்வும் அழிந்தது, கொலையுண்டான் பழியும் நின்றது. ஆகவே யாம் வேண்டுவது விரைவன்று, விடாமுயற்சியும் நேர்மையுமே.

பண்டை நூல்கள் இப்பொருளில் நம்மினும் கூர்ந்த உணர்ச்சி உடையனவாகத் தோன்றுகின்றன. கொன்றவன் இன்னான் என்று தெரியாமல் ஒருவன் உடல் வயலிற் கிடப்பின் செய்யத் தக்கது யாதென்று உபாகமம் 21-ஆம் அதிகாரம் விதிக்கின்றது. மூப்பர் சென்று சுற்றிலுமுள்ள பட்டணங்கட்கு உள்ள தூரத்தை அளத்தல் வேண்டும். மிக அண்மையிலுள்ள பட்டணத்து மூப்பர் ஒரு கிடாரியை வெட்டி, அதன்மேல் தம் கைகளைக் கழுவி, அவ்விரத்தத்தைத் தாம் சிந்தியதுமில்லை, சிந்தக் கண்டதுமில்லை என்று உறுதி கூறல் வேண்டும். சடங்கு பழையது, அதன் உட்கிடை என்றும் புதியது. கொலைஞன் அறியப்படாவிடின் பழி காற்றில் கரைந்துபோவதில்லை. அண்மையிலுள்ள ஊரின்மேல் வந்து அமர்கின்றது. ஊரார் ஓரிடத்துக் கூடி, ‘இவன் எம் எல்லையில் மாண்டான்’ என்று ஏற்றுக்கொண்ட பின்னரே அவர்க்கு விடுதலை.

செயின்ட் லூயிஸில் அவ்வாறு அளந்து பொறுப்பேற்பவர் யாவர்? 1876-இல் மக்கள் வாக்கால் நகரம் தன்னைச் சூழ்ந்த மாவட்டத்தினின்று பிரிந்தது. அம்மாவட்டத்திலோ 80-க்கு மேற்பட்ட நகராட்சிகள் உள. ஆற்றைக் கடந்தால் இல்லினாய் என்னும் வேறு மாநிலம். நகரப் போலீஸாரை 1861 முதல் 2013 வரை மாநில அரசு ஆண்டது. பின்னர் நகரம் ஆண்டது. 2025-இல் மீண்டும் மாநிலமே மேற்கொண்டது. ஆளுகை மாறுந்தோறும் ஒருவர் மற்றவரைச் சுட்டுதல் எளிது. இறந்தவர் எவரையும் சுட்டமாட்டார்.

செய்யத்தக்கன அரியவல்ல. ஒவ்வோராண்டிலும் கொலையுண்டவர் இத்துணைப் பேர், அவருள் இத்துணைப் பேர்க்கு விடை கிடைத்தது என்று மயக்கமின்றி வெளியிடுக. ஒரு துப்பறிவோர் தலையில் தாங்கலாகாத் தொகை வழக்குகளை ஏற்றாது ஆட்களைப் பெருக்குக. சான்றுப் பொருளைப் பொன்னேபோற் காக்க. சான்றுரைப்போர்க்கு இடமும் பொருளும் அளித்துப் புரக்க. இறந்தவர் வீட்டாரை ஆண்டுதோறுமேனும் அழைத்து, செய்தது இன்னது, செய்யாதது இன்னது என்று நேரில் உரைக்க. மிசௌரி மாநிலச் சட்டத்தில் கொலை வழக்கிற்குக் காலவரையறை இல்லை. சட்டம் மறவாதிருக்க, அதனை நடத்துவோர் மறத்தல் தகுமோ?

மாணவ நண்பர்களே! உங்களுட் சிலர் வழக்கறிஞராவீர். சிலர் மருத்துவராகிப் பிணச்சோதனை செய்வீர். சிலர் காவல் துறையிலும் செய்தித் தொழிலிலும் அமர்வீர். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்று நம்மவர் சொல்வதுண்டு. தெய்வம் நின்று கொல்லும் என்பது அரசன் கை சோர்ந்திருத்தற்குத் தந்த விடுமுறையன்று. எந்நாட்டில் எப்பணி ஏற்பினும், கேட்பாரற்று மாண்ட ஒருவர்க்காக ஒரு கட்டினை மீண்டும் அவிழ்த்துப் படிக்கவும், ஒரு பொருளைத் தொலையாமற் காக்கவும், ஒரு பெயரைத் தேடி எழுதவும் பின்வாங்காதீர். கற்றவர்மேல் ஊர் வைத்திருக்கும் கடன் அதுவே என்பது எம் துணிபு.