கந்தல் இல்லை சார், காந்தா!

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மவர்கள் சிலர் வீட்டுப் பரணில் காந்தா பார்த்திருக்கிறேன். (காந்தா என்றதும் 'ரத்தக்கண்ணீர்' எம்.ஆர்.ராதா குரல் காதில் விழுந்தால் நான் பொறுப்பில்லை.) பாட்டி உடுத்தி நைந்த நூல்புடவைகளை அடுக்கடுக்காகப் போட்டு, பக்கத்து வீட்டு மாஷிமா ஓட்டுத்தையல் ஓட்டிக் கொடுத்த போர்வை. புடவை மதுரைச் சுங்குடி, தையல் வங்காளம்.

இதைப் பாத்திரக்காரிக்குப் போட்டு எவர்சில்வர் டப்பா வாங்குகிறவர்களை விட்டுவிடலாம், பாவம், தெரியாது. என் கோபமெல்லாம் 'மதிப்புத் தெரிந்த' கோஷ்டி மேல்தான். என் மச்சினி தன் மாமியார் வீட்டுக் காந்தாவை ஒரு பொட்டிக்கில் கொடுத்தாள். திரும்பி வந்தது ஆறு குஷன் உறை, ஒரு கைப்பை. மிச்சம் எங்கே என்றால், "அது கிழிசல் மேடம், எறிஞ்சுட்டோம்" என்றார்களாம்.

அந்தக் கிழிசல்தானய்யா காந்தா!

அது பிறந்ததே ரிப்பேராகத்தான். கிழிந்த துணியை எறிய மனமில்லாதவள், அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைத்தாள். குருசதய் தத் (1882-1941) வங்காளக் கிராமங்களில் சுற்றிச் சேர்த்தவற்றில், மானதாசுந்தரி என்ற பெண் தன் அப்பாவுக்காகத் தைத்த காந்தா ஒன்று உண்டு. தன் பெயரை நூலாலேயே எழுதி வைத்திருக்கிறாள். நல்லவேளை, அது குஷன் உறையாகவில்லை.

"புதுசு மாதிரி ஆக்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள். மெஷின் தையல் நைந்த துணியில் வரிசையாக ஓட்டை போடும். பாலியஸ்டர் நூல் பழைய பருத்தியைவிட வலு. இழுபட்டால் நூல் அறாது, துணிதான் அறுந்துபோகும். ஃபெவிகால், இஸ்திரி போட்டு ஒட்டும் துணி, இரண்டும் வேண்டவே வேண்டாம். கிழிந்த இடத்துக்கு அடியில் மெத்தென்ற பழைய பருத்தித் துணி வைத்து, மெல்லிய ஊசியில் ஒற்றைப் பருத்தி நூலால், இறுக்காமல் நீங்களே தையுங்கள். பழைய தையலைப் பிரிக்காதீர்கள். கோணலாக வந்தால் என்ன? பேத்தி தைத்தது என்று தெரியட்டுமே.

கந்தையைக் கசக்கச் சொன்ன நம் பழமொழி இங்கே செல்லாது. தூசி மட்டும்தான் என்றால் மேலே கொசுவலைத் துணி போட்டு வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் காட்டினால் போதும். துவைத்தே ஆகவேண்டுமென்றால் முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீர் பக்கமே போகக்கூடாது. நனைந்தால் கனக்கும், தன் கனத்திலேயே கிழியும். எனவே ஒரு பெட்ஷீட்டில் ஏந்தித் தூக்கி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள், கொடியில் போடாதீர்கள். கஞ்சி போட்டால் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து.

பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது இன்னொரு கொடுமை. இந்த ஊர் மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துவிடும். கஞ்சி போன பழைய வேட்டி போதும், அதில் சுருட்டி வையுங்கள். சுருட்ட இடமில்லையா, மடித்தே வையுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே அறுந்துவிடும்.